இருசெவி இசை தந்த அறிஞர் அலன் புளும்லைன்

பழம் பொருள்களைத் தேடிச் செப்பனிட்டுப் பேணுவோர் எந்நாட்டிலும் உளர். ஏட்டுச்சுவடி தேடுவார் ஒரு சாரார். பழைய மணிக்கூடு தேடுவார் மற்றொரு சாரார். வால்வுகளால் இயங்கும் பழைய ஸ்டீரியோ விரியலாக்கிகளைத் தேடி எடுத்து உயிர்ப்பிப்பாரும் இந்நாளிற் பல நாடுகளில் உளர். விரியலாக்கி என்பது பாடநூல் வழக்கு; கடைத்தெருவில் அம்பிளிபயர் என்றாற்றான் விளங்கும். இசைத்தட்டில் ஓடும் ஊசி எழுப்பும் மிக நுண்ணிய மின்னலைவைப் பெருக்கி, ஒலிபெருக்கியை அசைக்கும் வலியுடையதாக்குவது அதன் தொழில்.

அத்தகைய கருவிகளுள் ஒன்று, 1958 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வெளிவந்த லீக் ஸ்டீரியோ 20 என்பது. எட்டு வால்வுகள் அதன் தலைமேல் நிரல்பட நிற்கும். பல்லாண்டு பரணிற் கிடந்த அதனைக் கையேற்பவன் முதலிற் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றுகின்றான். மெழுகும் தாளும் கொண்டு செய்த பழைய கொள்ளளவிகள் முதுமையுற்றுக் கசிவன. அக்கசிவு வெளியீட்டு வால்வின் நெய்யரியைச் சென்று சேருமாயின் வால்வு அளவிறந்த மின்னோட்டத்தாற் செஞ்சூடேறி அழியும். ஆதலின் அவற்றை நீக்கிப் புதியன இடுகின்றான். மின்வழங்கும் பகுதியிலுள்ள பெரிய கொள்ளளவிகளும் உள்ளே உலர்ந்திருக்கும், அவையும் மாறவேண்டும். நிலைமாற்றிகளை மட்டும் கூடியவரை அப்படியே விடுகின்றான். அவை கெட்டால் அவற்றையொத்த வேறு கிடைத்தல் அரிது. ஒலிபெருக்கிகளை இணைத்த பின்னரே மின்னூட்டுகின்றான். அச்சுமையின்றி இயக்கினால் நிலைமாற்றிக்குக் கேடு. மின்னை நிறுத்திய பின்னரும் முந்நூறு வோல்ற்றளவு உள்ளே தங்கிநின்று ஆளை வீழ்த்தவல்லது என்பதை ஒருபோதும் மறவான். எல்லாம் செம்மையாயின், வால்வுகளுள் இழைகள் மெல்லச் சிவந்து ஒளிர, சிறிது நேரத்தில் இசை எழுகின்றது.

கருவியின் முகப்பில் அதனைச் செய்தவர் பெயர் உண்டு. ஆயின் அதன் வயிற்றுள் மூன்று அமைப்புகள் உள்ளன. இடம் வலம் என ஒலியை இருவழியாகப் பிரித்துக் கொண்டு செல்லுதல் ஒன்று. இரு வால்வுகளின் கதோட்டுகளைப் பிணைத்து, வந்த அலைவை எதிரெதிரான இரண்டாக்குதல் மற்றொன்று. வெளியீட்டு வால்வின் திரைநெய்யரியை நிலைமாற்றியின் சுருளிடையே ஓரிடத்திற் கொண்டுபோய்த் தொடுத்தல் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே மனிதரின் மூளையில் உதித்தவை. அம்மனிதரின் பெயர் கருவியில் எங்கும் இல்லை. செப்பனிடுவோருட் பலர் அதனை அறிந்ததும் இல்லை.

சங்கப் புலவருட் சிலர்க்கு இயற்பெயர் மறைந்தது. அவர் பாட்டில் வந்த அருந்தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீராரை நாம் அவ்வாறுதான் அறிகின்றோம். இவ்வறிஞர்க்கோ அதுவும் முற்றாக வாய்க்கவில்லை. தொடர் வாழ்ந்தது, பெயர் பின்னடைந்தது. அவர்தம் வாழ்வை ஈண்டுச் சிறிது காண்போம்.

அலன் டவர் புளும்லைன் 1903 ஆம் ஆண்டு யூன் மாதம் 29 ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹாம்ஸ்ரெட் பகுதியிற் பிறந்தார். தந்தையார் செமி புளும்லைன் யேர்மனியிற் பிறந்து ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர். தாயார் யெசி டவர், தென்னாபிரிக்காவிற் சமயப்பணி செய்த ஸ்கொத்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகள். மகனின் பெயரிடையே நிற்கும் டவர் என்பது தாய்வழி வந்தது.

அவரது ஏழாம் வயதிலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவர். வீட்டு வாயில் மணி பழுதுற்றதாக, சிறுவன் அதனைத் தானே திருத்தி, திருத்துகூலிக்கு முறைப்படி ஒரு பற்றுச்சீட்டு எழுதி, மின்பொறியியலாளன் எனத் தன் பெயரின் கீழ்ப் பொறித்துத் தந்தையிடம் நீட்டினானாம். இதே சிறுவன் பன்னிரண்டு வயதுவரை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் இடர்ப்பட்டான் என்று அவர் தமக்கையார் பிற்காலத்திற் சொன்னாராக, அப்போதே தமக்கு இருபடிச் சமன்பாடுகள் தெரியும் என்று அவர் விடையிறுத்ததும் குடும்பக் கதைகளுள் ஒன்று. ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தார்க்கு இக்கதை வேடிக்கையாக மட்டும் தோன்றாது. வாசிக்க மாட்டாதவன் என நாம் பின்வரிசையில் இருத்திய பிள்ளைகள் எத்தனை பேர், அவருள் எவரெவர் மனத்தில் எவ்வெவ் கணக்குகள் ஓடின, யார் அறிவார்?

ஹைகேற் பள்ளியிலே பயின்று, 1921 இல் சிற்றி அன்ட் கில்ட்ஸ் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றுச் சேர்ந்து, 1923 இல் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். 1924 இல் இன்ரர்நஷனல் வெஸ்ரேண் இலெக்றிக் என்னும் கொம்பனியில் வேலைக்கு அமர்ந்தார். தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஒரு வழியிற் செல்லும் பேச்சு அயல்வழியிற் கசிந்து கேட்பது அக்காலத்துப் பெருந்தொல்லை. அதனைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தார். மனிதச் செவி எந்தச் சுரத்தை எத்துணைக் கூர்மையோடு கேட்கின்றது என்பதையும் அளந்தறிந்தார். இவ்விரு பயிற்சியும் பின்னர் அவர் செய்தற்கிருந்த பெருஞ் செயலுக்கு அடிமனைபோல் அமைந்தன.

1929 இல் அவர் கொலம்பியா கிரபபோன் கொம்பனிக்கு மாறினார். அங்கே அவர்க்கு மேலதிகாரியாய் வாய்த்தவர் ஐசக் ஷோன்பேர்க் என்னும் உருசிய நாட்டிற் பிறந்த அறிஞர். ஆற்றலுடையாரை இனங்கண்டு, வேண்டிய வசதியளித்து, இடையூறு செய்யாது ஒதுங்கி நிற்கும் அரிய பண்பு அவரிடம் இருந்தது. முதல் வேலையே ஒரு சிக்கலான வேலை. இசைத்தட்டிற் சால் வெட்டும் மின்கருவி வெஸ்ரேண் இலெக்றிக்கின் ஆக்கவுரிமைக்கு உட்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் அவர்களுக்கு உரிமைப்பணம் இறுத்தல் வேண்டும். அவ்வுரிமையிற் படாத வேறொரு கருவி வேண்டும் என்றனர். புளும்லைன் காந்தப் புலத்தில் அசையும் சுருளொன்றால் ஊசியை இயக்கும் புதுக்கருவியைச் செய்தளித்தார். அது உரிமையைத் தவிர்த்ததோடு, முன்னையதினும் தெளிவாகவும் வெட்டிற்று. 1931 இல் கொலம்பியாவும் கிரமபோன் கொம்பனியும் ஒன்றாகி ஈ. எம். ஐ. என்னும் பெயர் பூண்டன. மிடில்செக்ஸ் பகுதியில் ஹேய்ஸ் என்னுமிடத்து ஆய்வுகூடமே அதன்பின் அவர்க்கு உறைவிடம் போலாயிற்று.

அவ்வாண்டில் ஒரு நாள், பின்னர்த் தம் மனைவியாகவிருந்த டொறீன் லேன் என்னும் ஆசிரியையுடன் அவர் படம் பார்க்கச் சென்றார். பேசும் படம் புதிதாய் வந்த காலம் அது. திரையில் ஆள் ஓர் ஓரத்தில் நிற்கின்றான். குரலோ வேறோரிடத்து ஒலிபெருக்கியிலிருந்து வருகின்றது. கூடியிருந்தோர் அனைவரும் அதனைக் கண்டுகொள்ளாது படத்தில் ஈடுபட்டிருந்தனர். இவர்க்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஆள் நடக்கும் வழியே குரலும் நடக்கச் செய்யத் தமக்கு ஒரு வழி தெரியும் என்று அருகிருந்தவரிடம் கூறினாராம்.

அவ்வழி யாது? நமக்குச் செவி இரண்டு. இடப்புறத்து எழும் ஒலி இடச்செவியைச் சற்று முந்தியும் வலச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகின்றது. சில ஒலிகள் ஒரு செவிக்கு வலியனவாயும் மற்றதற்கு மெலியனவாயும் கேட்கின்றன. இவ்வேற்றுமை கொண்டே கண்ணை மூடியிருந்தும் காகம் கரையும் திசையை அறிகின்றோம். இதனை விஞ்ஞானிகள் முன்னரும் அறிந்திருந்தனர். புளும்லைன் கண்டது இதற்கு அப்பாற்பட்டது. இரண்டு ஒலிபெருக்கிகளை எதிரே வைத்தால், இரண்டினொலியும் இரு செவிக்கும் செல்லுமன்றோ? ஆகவே செவிக்கு வேண்டிய கால வேற்றுமையை அப்படியே கொடுத்துப் பயனில்லை. ஒலிபெருக்கிகளிடையே வலிமை வேற்றுமையைத் தக்கவாறு அமைத்தால், செவிகளிடத்தே வேண்டிய கால வேற்றுமை தானே தோன்றும் என்பதைக் கணித்துக் கண்டார். அதற்கேற்ப இரண்டு ஒலிவாங்கிகளை ஓரிடத்தே ஒன்றுக்கொன்று செங்கோணமாய் நிறுத்தும் முறையையும் வகுத்தார். ஒலிப்பதிவாளர் அம்முறைக்கு இன்றும் புளும்லைன் இணை என்றே பெயர் வழங்குகின்றனர். அவர் பெயர் அழியாது நிற்கும் இடங்களுள் அது ஒன்று.

இசைத்தட்டிற்கும் வழி கண்டார். உழுத சாலுக்கு இரு கரை உண்டு. தட்டின் சாலும் அத்தகையதே. ஒரு கரையில் இடவொலியையும் மறுகரையில் வலவொலியையும், இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, தட்டின் முகத்திற்கு நாற்பத்தைந்து பாகை சாய்வாக வெட்டினால், ஓரூசியே இரண்டையும் கலவாமல் எடுத்துக் கொடுக்கும். கம்பிகளிற் பேச்சுக்கள் ஒன்றோடொன்று கலவாதிருக்கப் பாடுபட்டவர் ஒரு சாலில் இரு குரலைக் கலவாமல் வைத்தார்.

இவை யாவும், இன்னும் பலவும், எழுபது உரிமைக் கூறுகளாக ஒரே விண்ணப்பத்தில் 1931 திசெம்பர் 14 ஆம் நாள் பதியப்பட்டன. 1933 யூன் 14 ஆம் நாள் 394325 என்னும் எண்ணோடு ஆக்கவுரிமை கிடைத்தது. அவர் அதற்கிட்ட பெயர் ஸ்டீரியோ அன்று. இருசெவி ஒலி என்னும் பொருள்படும் பெயரே அவர் வழங்கியது. இப்பெயரே பொருத்தம் என்பது எம் கருத்து. அவ்வாண்டு ஏப்பிரலில் டொறீனை மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர்.

1934 இல், அபே றோட்டில் மூன்றாண்டுக்கு முன் திறந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், தோமஸ் பீச்சம் நடத்த இலண்டன் பில்ஹார்மொனிக் இசைக்குழுவினர் மொஸாற்றின் யூப்பிற்றர் சிம்பனியைப் பயின்றபோது அதனை இருவழியாய்ப் பதிந்தார். ஆய்வாளரை ஓர் அரங்கின் குறுக்கே நடந்தவாறே பேசச் செய்து அதனைப் படமாகவும் ஒலியாகவும் பிடித்தார். 1935 இல் ஆய்வுகூடத்துக்கு அணித்தாய் இருந்த ஹேய்ஸ் நிலையத்திற் புகையிரதங்கள் வந்துபோவதையும் அவ்வாறே பிடித்தார். புகையிரதத்தில் அவர்க்குச் சிறுபராயம் தொட்டே தீராக் காதல்.

எல்லாம் முற்றியிருந்தும் இருசெவி ஒலி கடைக்கு வரவில்லை. அக்காலம் உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். ஒரு கருவிக்கே பணமில்லாதவன் இரு விரியலாக்கியும் இரு ஒலிபெருக்கியும் எங்ஙனம் வாங்குவான்? கொம்பனியின் கண்ணும் வேறொன்றின்மேற் சென்றது. அது தொலைக்காட்சி.

இலண்டனில் அலெக்ஸாந்திரா மாளிகையிலிருந்து பீ. பீ. சி. தொலைக்காட்சிச் சேவையை 1936 நவம்பர் 2 ஆம் நாள் தொடங்கியபோது, பெயேட்டின் முறையும் மார்க்கோனி - ஈ. எம். ஐ. முறையும் மாறிமாறிப் பயன்பட்டன. 1937 தொடக்கத்திற் பெயேட்டின் முறை கைவிடப்பட்டு, 405 வரிகள் கொண்ட மற்றதே நிலைத்தது. அம்முறையின் மின்சுற்றுக்களிற் பெரும்பங்கு புளும்லைனுடையது. 1937 மே 12 ஆம் நாள் ஆறாம் யோர்ச் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைத் தெருவிலிருந்து காட்டவேண்டியிருந்தது. நகர நடுவிலிருந்து மாளிகை வரை நிலத்தடிக் கம்பியிற் படம் வருமிடத்து வழியிலுள்ள இரைச்சலெல்லாம் அதனோடு தொற்றிக்கொள்ளும். இரட்டைக் கம்பியில் இரைச்சல் இரண்டினும் ஒப்பவே ஏறும். செய்தியோ எதிரெதிராய் நிற்கும். ஒப்பானதைத் தள்ளி வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று ஒன்று இருந்தால் இரைச்சல் ஒழியும். இரு வால்வுகளின் கதோட்டுகளை ஒன்றாய்ப் பிணைத்து, நீண்ட வால்போல் ஒரு பெருந்தடையைத் தொங்கவிட்டு அதனை ஆக்கினார். 1936 இல் இதற்கு உரிமை பெற விண்ணப்பித்தார். லீக் விரியலாக்கியில் நாம் கண்ட இரண்டாவது அமைப்பு இதுவே. வால்வின் காலம் போய்த் திரான்சிஸ்ரரும் நுண்சில்லும் வந்த பின்னரும் இந்நெடுவால் இணை ஒழிந்திலது. இன்றைய செயற்பாட்டு விரியலாக்கிகளின் வாயிலில் அது காவல் நிற்கின்றது.

மூன்றாவது 1937 இற்குரியது. மூவாய் வால்வு இனிமையாய் ஒலிக்கும், ஆயின் வலிமை குறைவு. ஐவாய் வால்வு வலியது, ஆயின் ஒலி கரடு. திரைநெய்யரியை நிலைமாற்றிச் சுருளின் இடையே ஒரு புள்ளியில் இணைத்தால் இரண்டின் நலனும் ஒருங்கு வரும் எனக் கண்டு பதிந்து வைத்தார். அது எவர் கண்ணிலும் பெரிதாய்ப் படவில்லை. 1951 இல் அமெரிக்கரான ஹப்லர், கெரோஸ் என்னும் இருவர் அதே முறையை எடுத்துரைத்து அதற்கு அல்ட்றா லீனியர் என்று பெயரிட்டனர். அப்பெயரே உலகிற் பரவிற்று. ஹப்லரின் டைனக்கோ நிறுவனம் 1959 முதல் விற்ற ஸ்டீரியோ 70 என்னும் விரியலாக்கி, வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் பகுதிகளாகவும் வந்து மிகப் பலர் வீடுகளிற் புகுந்தது. இவர்களை நாம் குறைகூறுதற்கில்லை. முறையைக் கருவியாக்கி மக்கள் கையிற் சேர்த்தலும் பெரும்பணியே. ஆயினும் மூலநூலாசிரியன் பெயர் மறைந்து உரையாசிரியன் பெயர் நிலைத்தமை போன்ற ஒரு குறை நெஞ்சில் நிற்கத்தான் செய்கின்றது.

புளும்லைன் கட்டுரை எழுதிப் புகழ் தேடியவர் அல்லர். இளமையில் எழுதிய சில ஒழிந்தால், அவர் எழுத்தெல்லாம் ஆக்கவுரிமைப் பத்திரங்களே. பதினெட்டாண்டுத் தொழில் வாழ்விற் பெற்றவை 128. விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையே அவர்க்குப் பெரிய வேலி இருந்ததாகத் தெரியவில்லை.

1939 இல் போர் மூண்டது. தொலைக்காட்சிச் சேவை நிறுத்தப்பட்டது. அதனைச் செய்த கைகள் றேடாருக்குத் திரும்பின. இரவிலும் முகிலிடையிலும் பறக்கும் குண்டுவிமானத்துக்குக் கீழேயுள்ள நிலத்தின் வடிவை ஒரு குழாய்முகத்தில் வரைந்து காட்டும் கருவி ஒன்று ஆக்கப்பட்டு வந்தது. எச். ரூ. எஸ். என்பது அதன் மறைபெயர். நதியும் கரையும் நகரும் அதில் வெவ்வேறாய்த் தோன்றும். ஈ. எம். ஐ. நிறுவனம் அதனைச் செய்யும் பொறுப்பேற்றிருந்தது.

1942 யூன் 7 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அதனைச் சோதித்தற்கு டெபோட் விமானத்தளத்திலிருந்து ஒரு ஹாலிபாக்ஸ் விமானம் எழுந்தது. புளும்லைனும், அவருடன் உழைத்த பிறவுணும் பிளைதெனும், வேறு எண்மரும் அதில் இருந்தனர். பறந்துகொண்டிருக்கையில் வலப்புறத்து வெளி எஞ்சின் தீப்பற்றிற்று. வை நதிப் பள்ளத்தாக்கில் வெல்ஷ் பிக்னர் என்னும் ஊரருகே விமானம் வீழ்ந்தது. பதினொருவரும் மாண்டனர். புளும்லைனுக்கு முப்பத்தொன்பது நிரம்ப இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தன. எஞ்சினிலுள்ள வால்வொன்றை அசைக்கும் பகுதியில் ஒரு சிறு சுரை செவ்வனே இறுக்கப்படாது விடப்பட்டதே தீயின் தோற்றுவாய் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். வாழ்நாளெல்லாம் வெற்றிடக் குழாயாகிய வால்வை ஆண்டவர்க்கு இயந்திர வால்வொன்று கூற்றாயிற்று.

பின்னாளில் யோட்றெல் பாங்க் தொலைநோக்கியாற் புகழ்பெற்ற பேணாட் லவல் அப்போது இளைஞர். வீழ்ந்த இடத்துக்குச் சென்று, மறைபொருளான கருவியின் எஞ்சிய பகுதிகளைத் தேடி எடுத்தவருள் அவர் ஒருவர். போர்க்கால மறைப்பினால் விபத்தின் செய்தி பொதுமக்களுக்கு எட்டவில்லை. எழுதியிருக்கவேண்டிய இரங்கலுரைகள் எழுதவேண்டிய காலத்தில் எழுதப்படவில்லை. அவர் பெயர் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி பிழைத்தது. 1943 யனவரி 30 இரவு ஹாம்பேர்க் நகரின்மேல் அது முதன்முறை போரிற் பயன்பட்டது. அவர் தந்தையார் பிறந்த நாட்டின் நகர் அது. நீர்மூழ்கிகளைத் தேடிக் கண்டு கடல்வழியைக் காத்ததும் அக்கருவியின் வழிவந்ததே. நகரங்கள் எரிந்ததும் அதனாலே. செவிக்கு இன்பம் தேடிய ஒருவரின் வாழ்வு இவ்வாறு முடிந்ததை எழுதுங்கால் எழுத்தாணி தயங்குகின்றது. இருந்திருந்தால் அவர் இதுபற்றி என் நினைந்திருப்பார் என்று ஊகித்தல் நம் வேலையன்று.

அவர் இருசெவி ஒலிக்குப் பெற்ற உரிமை, ஒரு தட்டேனும் கடைக்கு வருமுன்னரே காலங்கடந்து போயிற்று. 1957 இல் நாற்பத்தைந்து பாகைச் சாலை வெட்டும் கருவியைக் காட்டி, ஸ்டீரியோ இசைத்தட்டை உலகுக்குத் தந்தவர் வெஸ்ற்றெக்ஸ் நிறுவனத்தார். 1958 இல் அதுவே பொதுமுறையாயிற்று. வெஸ்ற்றெக்ஸ், வெஸ்ரேண் இலெக்றிக்கின் கிளை. எவருடைய உரிமையைத் தாண்டுதற்கென 1929 இல் அவரை வேலைக்கு எடுத்தனரோ, அவர் வழிவந்தோரே அவர் எண்ணத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். லீக் ஸ்டீரியோ 20 பிறந்தது அவ்வலையில்.

1977 இல் அவர் வாழ்ந்த ஈலிங் வீட்டில் நீலநிற நினைவுத்தகடு ஒன்று பதிக்கப்பட்டது. அவர் வாழ்க்கையை முழுமையாய்ச் சொல்லும் நூல் வெளிவர 1999 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2015 இல் மின்பொறியியலாளரின் உலக நிறுவனத்தார் அபே றோட் கூடத்தில் ஒரு தகடு பதித்தனர். 2017 இல் அமெரிக்க ஒலிப்பதிவுக் கழகத்தாரின் கிறமி விருது, தொழில்நுட்பத்திற்கென, மறைந்தவர்க்கு வழங்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டு தாழ்த்து வந்த மாலை.

ஹேய்ஸ் நிலையத்திற் பிடித்த படம் அழியாது கிடைத்துள்ளது. ஐந்து நிமிட அளவினது. வால்வுகள் ஒளிரும் பழைய விரியலாக்கியில் இரு ஒலிபெருக்கிகளை இணைத்து, விளக்கை அணைத்துவிட்டு அதன் ஒலியை மட்டும் கேட்கலாம். நீராவி இரையும் ஒலி ஒரு புறத்தே எழுந்து, நம் முன்னே கடந்து, மறுபுறத்தே தேய்ந்து மறைகின்றது.